அளவு ஜாக்கெட்டும் ஆவ் யாயும்

போன தடவை ஊருக்கு வந்துவிட்டு வியட்நாமுக்குத் திரும்பும்போது மகன் என்னுடைய அளவு ஜாக்கெட்டைக் கேட்டான். எதற்கடா என்றதற்குச் சும்மாதான் என்றான். அவனுக்கு அங்கே நூல் கம்பெனியில் வேலை. பெண்ணையும் அங்கேயே பார்த்துக்கொண்டான். கல்யாணம் எடப்பாடியில்தான் என்று நான் ஒரே பிடியாக நின்றதால் ஒத்துக்கொண்டான். ஜாக்கெட்டைக் கொடுத்தேன், அதோடு மறந்தும் போனேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணும் சம்பந்தியம்மாவும் வந்து இறங்கினார்கள். எனக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்கும் தறிப்பட்டறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நிறுத்திவைத்த தறியைப் போய்த் துடைத்தேன். காரணம் எனக்குத் தெரியும். அவர் போனதிலிருந்து வெள்ளைச் சேலைதான் கட்டுகிறேன். மேடையில் அம்மா இடத்தில் என் ஓரகத்தி, கொழுந்தனார் சம்சாரம், நிற்பாள் என்று பங்காளிகள் பேசி முடித்திருந்தார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். ஆட்டிய தலையில் நாலு போடு போடலாம் போலிருந்தது.

சம்பந்தியம்மா பெட்டியைத் திறந்து இரண்டு உடுப்புகளை எடுத்து வைத்தார். ஆவ் யாய் என்றாள் மருமகள். கழுத்தை ஒட்டிய காலர், முழுக்கை, கணுக்கால்வரை தொங்கும் முன் துணி, பின் துணி, இடுப்பிலிருந்தே இரண்டு பக்கமும் திறப்பு, உள்ளே தொளதொள பேண்ட். இரண்டும் ஒரே அரக்குச் சிவப்பு. கல்யாணத்தன்று இரண்டு அம்மாக்களும் இதைத்தான் உடுத்துவார்களாம். துணியைத் தடவிப் பார்த்தேன், நல்ல பட்டு. மருமகள் சொல்லச் சொல்ல மகன் தமிழில் சொன்னான். அந்தக் காலத்தில் அவர்கள் தறியில் அகலம் கிடையாதாம், அதனால் நாலு துண்டாக ஒட்டித் தைத்தார்களாம். உடம்பைக் கவ்வுகிற மாதிரி வெட்டுவதெல்லாம் பிற்பாடு வந்த மோஸ்தராம். தறி என்று கேட்டதும் அந்த உடுப்பு எனக்குச் சொந்தமாகிவிட்டது.

சம்பந்தியம்மா என் சேலையைக் காட்டி என்னவோ சொல்லிச் சிரித்தார். மகன் சொல்லத் தயங்கினான். அதட்டியபின் சொன்னான். அங்கே பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் வெள்ளை ஆவ் யாய்தான் போடுவார்களாம். நானும் அப்படி இருக்கிறேனாம். என் வயசுக்கு! சரி, பெண்ணோட அப்பா எங்கே என்று கேட்டேன். அவர் தவறி வருஷமாகிவிட்டதாம். சாவுக்குச் சம்பந்தியம்மா தலையில் வெள்ளைத் துணி கட்டினாராம், துக்கம் முடிந்ததும் எடுத்துவிட்டாராம். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆனாலும் ஓரகத்தியைக் கூப்பிட்டு என் உடுப்பைக் கொடுத்தேன். அவள் மூச்சைப் பிடித்தாள், நான் இழுத்தேன். கழுத்திலிருந்து அக்குள் வழியாக இறங்கும் பொத்தான்களில் ஒன்றுகூடச் சேரவில்லை. தெருமுனை டெய்லர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிரித்துவிட உள்ளே துணியே இல்லை என்றார். ஊட்டுக்கு வந்ததும் ஓரகத்தி உடுப்பை என் மடியில் போட்டாள்.

“இது உங்க ஒடம்புக்கு வெட்டுனதுங்க அக்கா. நீங்களே போட்டுக்கிட்டு நில்லுங்க. பங்காளிங்ககிட்ட நான் பேசிக்கறேன்.”

பேசினாள். அவர்கள் முணுமுணுத்தார்கள். பெரியவர் ஒருவர் சாப்பிடாமலே கிளம்பிப் போனார். ராத்திரி முழுக்க நான் புரண்டுகொண்டிருந்தேன். காலையில் பொத்தான்களை ஓரகத்திதான் போட்டுவிட்டாள். எல்லாம் ஒட்டுக்கா, கச்சிதமாகச் சேர்ந்தன.

மேடையில் மகனுக்குப் பக்கத்தில் நின்றேன். ஜென்மத்தில் பேண்ட் போட்டதில்லை. கை சேலைத் தலைப்பைத் தேடிக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என்னத்தையாவது பேசினால் தேவலை என்று மகன் பக்கம் திரும்பினேன்.

“நாலு விரக்கடை சேத்தித் தைக்கச் சொல்லியிருந்தா உன் சின்னம்மாளுக்கும் பத்தியிருக்குமே சாமி.”

அவன் கேமராவைப் பார்த்தபடியே சொன்னான்.

“சின்னம்மாளுக்குப் பத்தக் கூடாதுன்னுதானுங்கம்மா உங்க ஜாக்கெட்டக் கேட்டேன்.”

போட்டோக்காரர் என்னைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா அழுது முடிக்கட்டும் என்று மகன் அவரைப் பொறுக்கச் சொன்னான்.