ஒரு கட்டை கீழே

பேஸ் கித்தார் கம்பிகள் வரும் உறையின் மேல் எண்கள் போட்டிருக்கும். பதினாறு வருடம் அந்த வாத்தியத்தின் பக்கத்திலேயே நின்று பாடியும், அவை கம்பிகளின் கனம் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் இசைக்குழுவில் பேஸ் வாசிக்கும் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் சங்ககிரியில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றுகிறவர். முகூர்த்த நாட்களில் கை கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு எங்களோடு கல்யாண வரவேற்புகளுக்கு வருவார்.

தைராய்டு அறுவைக்குப் பிறகு என் குரல் இறங்கிவிட்டது. மேலே போனால் பிசிறடித்தது. சுருதியை ஒரு கட்டை இறக்கிப் பாடினால் நன்றாகவே வந்தது. குழுத் தலைவர் அதற்கு ஒப்பவில்லை. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி இறங்கிவிடும். பேஸ் கித்தாரிலோ, இருப்பதிலேயே தடித்த அடிக்கம்பிக்குக் கீழே சுரமே கிடையாது. நாங்கள் பாடும் பாட்டுகளில் பாதி அந்த அடிக்கம்பியில்தான் நிற்பவை. "அடி போச்சுன்னா பாட்டு அந்தரத்துல தொங்குமுங்க" என்றார் தலைவர். அஸ்தம்பட்டி வரவேற்புக்குள் சரியாகவில்லை என்றால் வேறு பெண் பாடட்டும் என்று சொல்லி, ஒரு பெண்ணைப் பார்த்தும் வைத்துவிட்டார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

அடுத்த ஒத்திகைக்கு அண்ணன் நான்கு கம்பிகளையும் ஒரு கட்டை தளர்த்திக்கொண்டு வந்தார். சுருதி இறங்கியது. கூடவே கம்பிகளும் துணி காயப்போடும் கொடி மாதிரித் தொய்ந்து, கித்தாரின் கழுத்தில் பட்டுப் படபடவென்று அடித்தன. தலைவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அண்ணன் மட்டும், "லோடு மாறிப்போச்சு, பட்டை பழசாவே இருக்குதுங்க. கனமாப் போடோணும்" என்றார்.

லாரிப் பட்டறைக்காரர்களுக்குக் கனம் என்றால் கை நிற்காது. எட்டுப் பட்டை போதும் என்ற இடத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்பதாவதைச் செருகுவார்கள். அண்ணனும் சேலத்துக் கடையில் இருந்ததிலேயே தடித்த கம்பியை, நூற்றுமுப்பது என்று எண் போட்டதை, வாங்கி மாட்டினார். ஐந்து கம்பிக் கித்தாருக்கு இன்னும் கீழான சுரத்துக்காகச் செய்த கம்பி அது. என் சுருதிக்கு முறுக்கி ஏற்றியதில் மூன்றே நாளில் கழுத்து வளைந்துவிட்டது. "எச்சாப் பட்டை போட்டா வண்டி குதிக்கும்னு தெரிஞ்சே பண்ணிப்போட்டேன் பாரு அம்மிணி" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுபடி கடைக்குப் போனபோது நானும் போனேன். வழக்கமான அடிக்கம்பி நூற்றைந்து. அவர் நூற்றுப்பத்தை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டி உருட்டிப் பார்த்தார். ஒரு தலைமயிர் கனம்தானே வித்தியாசம், இதற்கா இத்தனை பாடு என்று கேட்டேன். "அது போதும். தொய்யவுங் கூடாது, இழுக்கவுங் கூடாது" என்றார். கித்தாரின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளத்தைச் சன்ன அரத்தால் ராவி அகலமாக்கினார். வளைந்த கழுத்தை நிமிர்த்த, அதற்குள் ஓடும் இரும்புத் தண்டைச் சாவி போட்டுக் கால் சுற்று திருகிவிட்டு, இரண்டு நாள் பொறுத்து மறுபடியும் பார்த்தார். பட்டறையில் சம்மட்டி தூக்கும் கைக்குள் அத்தனை பொறுமை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வரவேற்பன்று, தலைவர் பார்த்துவைத்திருந்த பாடகிப் பெண் பட்டுப்புடவையில் முன்வரிசையில் தயாராக உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டில் அடிக்கம்பி கீழே போய் நின்றபோது, பலகை மேடை வழியாக என் உள்ளங்காலில் அது அதிர்ந்தது. நான் நிம்மதியாகப் பாடினேன். மூன்றாவது பாட்டு முடிந்ததும் தலைவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கோரஸ் மைக்கைக் கொடுத்தார். அவள் இன்றும் எங்களோடுதான் பாடுகிறாள். நானும்தான், அதே சுருதியில்.

சாமான்களைக் கட்டும்போது ஈரோட்டிலிருந்து ஒரு பெரிய குழுவின் ஆள் வந்தார். எங்களுக்கு நிகழ்ச்சி இல்லாத நாட்களில் அண்ணன் அவர்களோடு வாசிப்பார். அந்தப் பெரிய மேடைகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும்தான் அவர் கொஞ்சம் அதிகம் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள் என்றார் வந்தவர்.

"வாரதுக்கில்லீங்க" என்றார் அண்ணன். "என்றகிட்ட இருக்கறது ஒரே கித்தாருங்க. இனி அது உங்க சுதிக்கு ஏறாது. பள்ளத்தை அரத்தைப் போட்டு ராவியாச்சு. பழைய கம்பி அதுல ஆடும், இந்தக் கம்பிய ஏத்துனா கழுத்து வளையும்."

நான் பக்கத்தில்தான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே அதைக் கன்னாபின்னாவென்று முறுக்கிவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒயரை முறுக்காமச் சுத்து அம்மிணி" என்றார்.