தெரு பார்த்த கேசட்

எந்த வீடியோ கேசட்டுக்காக அப்பா என்னைப் பெல்ட்டால் விளாசினாரோ, அந்தக் கேசட்டை எடுக்க ஆள் பிடித்து வந்தவரும் அவரேதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இதை இன்றுவரை யாரும் ஒரே மூச்சில் சொன்னதில்லை. கேசட்டைப் பற்றிப் பேசுவார்கள், அடியைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இரும்புலியூரில் எங்கள் நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு, அப்பா ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமெண்டும் கம்பியும் விற்கும் கடை வைத்திருந்தார். தெருவில் முதல் மாடி வீடு எங்களுடையது. வீட்டுக்குள் அம்மா, நான், ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்த அண்ணன். வாசலில் நைட்டியோடு நிற்கக் கூடாது, ஜன்னல் பக்கம் தலை வாரக் கூடாது, சிரித்தால் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று ஏகப்பட்ட சட்டம். எல்லாச் சட்டமும் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான்.

நான் ஒன்பதாவது சேர்ந்த வருடம் வயதுக்கு வந்தேன். மஞ்சள் நீராட்டு விழாவை மண்டபம் பிடித்து நடத்துவது என்று முடிவானது. அம்மா ஒரு வாரப் பத்திரிகையின் அட்டையிலிருந்து ஒரு நடிகையின் படத்தைக் கிழித்து டெய்லரிடம் கொடுத்து, "அச்சு அசலா இதே மாரி தெச்சிக் குடுப்பா" என்றாள். கண்ணாடி பதித்த காக்ரா சோளி. வளர்ந்த பெண்ணுக்காக யோசித்த உடுப்பு அது. என்மேல் அது நிற்கவில்லை, இடுப்பிலும் தோளிலும் ஊசி குத்தி நிறுத்தினார்கள். நைட்டிக்குச் சட்டம் போட்ட அப்பா அதைப் பார்த்து, "நல்லா ரிச்சா கீது" என்றார்.

வீடியோக்காரர் தாம்பரம் மேற்கிலிருந்து வந்தார். விழாவுக்கு முன்னால் 'சாங் சீன்' எடுக்க வேண்டும் என்று என்னைப் பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் கூட்டிப் போனார்கள். அப்பாவும் வந்தார். லைட்டைத் தாங்கிப் பிடித்தது அவர்தான்.

"பாப்பா, மரத்த ஒரு கையால புடிச்சிக்கினு மெதுவா சுத்தி வா. கேமராவ பாக்காத. யாரோ வர மாரி பாரு" என்றார் வீடியோக்காரர்.

யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மரத்தைச் சுற்றினேன். பூவை மேலே எறிந்தேன். இணைப்பே இல்லாத டெலிபோனை எடுத்துக் காதில் வைத்து வெட்கப்பட்டேன்.

"நல்லா சிரிக்கச் சொல்லுப்பா" என்றார் அப்பா. "மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீது."

சிரித்தேன். பொய் சொல்லப் போவதில்லை, எனக்கு அது பிடித்திருந்தது. வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து வந்து முதல் தடவை போட்டுப் பார்த்தபோது, என் முகம் ஒரு ரோஜாப்பூவுக்குள்ளிருந்து மலர்ந்து வந்தது. பின்னால் அந்த வருடம் எல்லா டீக்கடையிலும் ஓடிய ஒரு காதல் பாட்டு. நான் அழகு என்று அதுவரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. டி.வி. சொன்னது, நம்பினேன். பதிமூன்று வயதில் வேறு என்ன செய்வார்கள்?

எங்கள் ஏரியா கேபிள்காரர் சொந்தமாக ஒரு சேனல் நடத்தினார். மத்தியானம் பழைய படம், நடுவில் கல்யாணம், காதுகுத்து என்று தெருக்காரர்களின் கேசட்டுகள். தெருவுக்கு ஓடும் மெயின் ஒயர் எங்கள் மொட்டை மாடி வழியாகத்தான் போனது, அதனால் எங்களுக்குக் கனெக்‌ஷன் இலவசம். அப்பா கேசட்டைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தார். ஒரு ஞாயிறு மத்தியானம் இரும்புலியூர் முழுக்க நான் மரத்தைச் சுற்றினேன். மறுநாள் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் அப்பாவிடம் அதைப் பற்றிச் சொன்னார்களாம். ராத்திரி சாப்பாட்டில் அவர் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து டீக்கடையில் நாலைந்து பையன்கள் எப்போதும் நிற்பார்கள். அந்த வாரத்திலிருந்து நான் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். ஒருவன் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் போலவே மெதுவாகச் சுற்றுவான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் உதை யாருக்கு விழும் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டான். மறுநாள் சைக்கிள் செயினைக் கையில் சுற்றிக்கொண்டு போனான். நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன். கம்பத்தைச் சுற்றியவனின் வாயில் செயின் விழுந்தது. அவன் கையில் துப்பிய ரத்தத்தில் பல் இருந்தது. இன்னொருவன் சோடா பாட்டிலை உடைத்து அண்ணன் தலையில் இறக்கினான். அண்ணன் சாக்கடை ஓரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "வூட்டுக்குப் போ" என்றான். அவன் காதுக்குப் பின்னாலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அவனைக் கூட்டி வந்த கையோடு அப்பா என்னை அறைக்குள் தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவினார்.

"இன்னாத்துக்குடி பல்ல காட்டிக்கினு நின்ன?"

நீங்கள்தானே சிரிக்கச் சொன்னீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'நீ' என்பதற்குள் முதல் அடி விழுந்தது. பக்கிள் பக்கம்தான் விழுந்தது, மாற்றிப் பிடிக்க அவருக்கு நேரமில்லை. கை, தொடை, முதுகு. நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டேன். அங்கிருந்து முடியைப் பிடித்து இழுத்தார். அம்மா கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தாள். தையல் போட்ட தலையோடு அண்ணன், "அவ இன்னாபா பண்ணா, வுடுபா" என்று கத்தியது கேட்டது.

அன்று சாயங்காலம் காக்ரா சோளியைப் பின்கட்டில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். கண்ணாடிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. என் வளையல், பொட்டு, பவுடர் டப்பா எல்லாம் அதில் போனது. கேசட் மட்டும் போகவில்லை. அது ஷோகேஸிலேயே இருந்தது. அதன் மேலே என் ஃபோட்டோ ஒட்டியிருந்தது.

"இனிமே ஸ்கூலு கிடையாது" என்றார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடி ஆறிவிடும். கணக்கில் நான் வகுப்பில் முதல் ஆள், எட்டாவதிலிருந்தே. படித்து, வேலைக்குப் போய், இந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். அதற்கு இருந்த ஒரே வழியை அவர் அடைத்தார். வகுப்பில் கூடப் படித்த ஒருத்தி வந்து, அரையாண்டுப் பரீட்சைக்கும் வரவில்லை என்றால் என் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று டீச்சர் சொன்னதாக ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள். பரீட்சை திங்கட்கிழமை தொடங்குகிறது. அப்பாவிடம் அம்மா அதைச் சொன்னாள். அவர் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்த நாட்களில் நான் பார்த்ததெல்லாம் டி.வி.தான். அதில் பெண்கள் மலை உச்சியில் ஆடினார்கள், மழையில் ஆடினார்கள், அப்பா காலை நீட்டிக்கொண்டு பார்த்தார். எங்கள் வீட்டில் சத்தமாகச் சிரிக்க அனுமதி இருந்த பெண்கள் எல்லாரும் அந்தப் பெட்டிக்குள் இருந்தார்கள். எனக்கு அந்தப் பெட்டியையும் உடைக்க வேண்டும் போலிருந்தது, அவரையும் அடிக்க வேண்டும் போலிருந்தது. வளர்ந்து இவரை ஒருநாள் திருப்பி அடிப்பேன் என்று தலையணையில் வாயை வைத்துச் சொல்லிக்கொள்வேன்.

பரீட்சைக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா குடும்பத்தோடு வந்தார். அப்பாவின் அண்ணன். அந்தமானில் காண்ட்ராக்ட் வேலை, விழாவுக்கு வர முடியவில்லை. எனக்கு ஒரு சங்கிலி கொண்டு வந்திருந்தார். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுக் கழுத்தில் போட்டார். நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன், அண்ணனுடையது.

"ஃபங்ஷன் எப்டி நடந்துச்சின்னு பாக்கவே குடுத்து வெக்கலையே" என்றார் பெரியம்மா.

"இன்னாத்துக்கு அண்ணி கவலப்படற, இப்பவே பாக்கலாம்" என்றார் அப்பா. வீட்டில் டெக் கிடையாது. சேனலில் போடச் சொல்ல, அவர் கேசட்டை எடுத்துக்கொண்டு கேபிள்காரர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனார்.

நான் நம்பவில்லை. தெரு பார்த்ததற்காகத்தானே என்னை அடித்தார்? தெரு பார்த்ததற்காகத்தானே பள்ளியை நிறுத்தினார்? தன் அண்ணன் வந்துவிட்டார் என்றதும் அது மறந்து போய்விட்டதா? மறக்கவில்லை. அவருக்கு இரண்டும் வேறு வேறு விஷயம். கேசட் அவருடைய கௌரவம், நான் அவருடைய அவமானம்.

அன்று சாயங்காலம் கேபிளில் ஒரு புதுப்படம் போடுவதாகக் காலையிலிருந்தே ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தது. தெருவே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. படத்துக்கு முன்னால் நான் வந்தேன். ரோஜாப்பூ, தென்னந்தோப்பு, அந்தப் பாட்டு.

"லைட்டிங்க பாருண்ணா" என்றார் அப்பா. "பாப்பா, நீயும் வந்து ஒக்காரு."

உட்கார்ந்தேன். பெரியம்மா ஆசையாக என் கையைப் பிடித்தார். சட்டைக்கை மேலே ஏறியது. பக்கிள் பட்ட இடங்கள் கறுத்து, ஓரத்தில் மஞ்சளாகியிருந்தன. பெரியம்மா கையை விட்டுவிட்டார். பெரியப்பா டி.வி.யையே பார்த்தார்.

அம்மா பஜ்ஜித் தட்டோடு உள்ளே வந்தவள் என் கையைப் பார்த்தாள், டி.வி.யைப் பார்த்தாள், அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். தட்டைத் தரையில் வைத்தாள். சமையலறைக்குப் போய் தேங்காய் வெட்டும் அரிவாளை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். யாருக்கும் தோன்றவில்லை, அவள் தேங்காய்க்கு ஏன் மாடிக்குப் போகிறாள் என்று.

என் முகம் டி.வி.யில் பாதியில் நின்று, இழுத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாய்ப் போனது.

முதலில் எதிர்வீட்டில் சத்தம் கேட்டது. பிறகு தெரு முழுக்க. அப்பா மாடிக்கு ஓடினார், பின்னாலேயே நாங்கள். கைப்பிடிச் சுவரோரம் மெயின் ஒயர் இரண்டாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் அரிவாளோடு அம்மா நின்றாள். அப்பா அவள் வாயில் அறைந்தார். அவள் தலை தண்ணீர்த் தொட்டியில் போய் இடித்தது. மறுபடி அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. அரிவாளை அவள் விடவில்லை. ஓங்கவும் இல்லை. மூன்றாவது அறைக்குக் கை ஓங்கியபோது அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

கேபிள்காரர் மூச்சு வாங்க மேலே வந்தார். அவர் பின்னால் பின்தெருக் காலனியிலிருந்து ஒரு பேங்க் ஆபீசர், எதிர்வீட்டுக்காரர், இன்னும் இரண்டு பேர். எல்லாரும் ரத்தத்தைப் பார்த்தார்கள். எல்லாரும் ஒயரையும் பார்த்தார்கள்.

"இன்னாக்கா இது, படம் போடற நேரத்துல பேஜார் பண்ற" என்றார் கேபிள்காரர்.

"தம்பி, நீ கட்டு" என்றாள் அம்மா. பல்லெல்லாம் சிவப்பாக இருந்தது. "கட்டு, நான் மறுபடி அறுப்பேன். நாளைக்கி எம் பொண்ணுக்குப் பரீட்ச. அவ போவணும். போற வரைக்கும் தெனிக்கும் அறுப்பேன். என்ன வெட்டிப் போட்டுட்டு வேணா ஒயர இழுத்துக்கங்க."

பேங்க் ஆபீசர் தொண்டையைக் கனைத்தார். "சார், பொண்ண எக்ஸாமுக்கு அனுப்பிடுங்களேன். இதுக்குப் போயி ஏன் சார் இவ்ளோ பெரிய பிரச்சன? வீட்ல எல்லாரும் படத்துக்கு வெயிட் பண்றாங்க."

"ஆமாண்ணே, அனுப்பிடுண்ணே, படம் ஆரம்பிச்சிடும்" என்றார் எதிர்வீட்டுக்காரர். பெரியப்பாவும் மெதுவாக, "அனுப்பிடுடா" என்றார்.

எனக்காகவோ அம்மாவின் உதட்டுக்காகவோ அங்கே ஒருவரும் பேசவில்லை. படத்துக்காகப் பேசினார்கள். அந்த மாடியில் நான் அவர்கள் எல்லாரையும் வெறுத்தேன், இன்றும் அந்த வெறுப்பில் ஒரு துளி குறையவில்லை. அப்பா அத்தனை முகங்களையும் பார்த்தார், ஓங்கிய கை அண்ணன் பிடியிலேயே தளர்ந்தது. "போய்த் தொலையட்டும்" என்றார். கேபிள்காரர் ஒயரைப் பல்லால் கடித்து உரித்து முறுக்கி டேப் சுற்றினார். தெரு முழுக்கப் படம் ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது.

காலையில் அம்மா உதடு வீங்கி, பேச முடியாமல் எனக்குச் சோறு கட்டினாள். கேட்டைத் தாண்டும்போது அவளும் செருப்பு மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். டீக்கடையில் பையன்கள் இருந்தார்கள். பல் போனவன் இல்லை, மற்றவர்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவன் அந்தப் பாட்டின் முதல் வரியைப் பாடினான்.

அம்மா நின்றாள். என் கையை விட்டுவிட்டு நேராக அவனிடம் போனாள். அவன் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டு போனாள்.

"பாடு" என்றாள். "ஏன் நிறுத்திட்ட? நான் நின்னு கேக்கறேன். மொத்தத்தையும் பாடு."

அவன் அவள் உதட்டைப் பார்த்தான். கடைக்காரர் ரேடியோவை அணைத்தார். அம்மா நகரவில்லை. அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சாரிக்கா" என்று வேறு பக்கம் பார்த்தான். அவனுடைய சாரி யாருக்கு வேண்டும்? பஸ் வந்தது, அம்மா என்னை ஏற்றிவிட்டு அங்கேயே நின்றாள். முதல் நாள் தமிழ்ப் பரீட்சை. பேனாவைப் பிடித்தால் முழங்கை வரை வலித்தது, எல்லாக் கேள்விக்கும் எழுதினேன்.