ஆமைப்பாறைக்குக் கீழே

துண்டைத் தண்ணீரில் முக்கி, பாதி பிழிந்து, மூன்றாக மடிக்கிறார் பீம்ராவ். முழுக்கப் பிழிந்தால் தூசி உள்ளே போய்விடும். பிழியாமல் விட்டால் மூச்சே உள்ளே போகாது. அந்தப் பாதிப் பிழிவுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம் வேண்டும். மூக்கிலிருந்து கழுத்துவரை மறைத்துப் பிடரியில் முடிச்சுப் போட்டு, முடிச்சுக்குள் இரண்டு விரல் விட்டு இழுத்துப் பார்க்கிறார். பிறகு ரப்பர் குழாயின் முனையை, பட்டறையில் நாசில் என்பார்கள், தோளில் ஏற்றிக்கொண்டு தலையை அசைக்கிறார். முப்பதடி தள்ளி நிற்கும் இக்னேஷியஸ் கம்ப்ரஸரை முடுக்குகிறார். காற்றோடு மணல் பாய்கிறது. துருவேறிக் கிடந்த இரும்புத் தகடு ஐந்தே நிமிடத்தில் கல்யாணத்துக்கு விளக்கிய பாத்திரம்போல் பளபளக்கிறது. பீம்ராவ் மாவு மில்லுக்குள் தவறி விழுந்தவர்போல் வெளியே வருகிறார்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் நாள்கணக்கில் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது அந்தப் பட்டறை. கப்பலுக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் போகிற தகடுகள் வரும். மணலால் அடித்துத் துருவை எடுத்து, ரெட் ஆக்சைடு என்ற சிவப்புப் பெயின்ட் பூசி அனுப்ப வேண்டும். ஒப்பந்தக் கூலி. முகத்தை முழுதாக மூடி, சுத்தமான காற்றுக்குத் தனிக் குழாய் வைத்த சீமை ஹெல்மெட் ஒன்றும் அங்கே உண்டு. ஆபீஸ் ரூம் ஆணியில் தொங்குகிறது. அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் பீம்ராவ் அதை மாட்டிக்கொண்டு நிற்பார். அவர்களுடைய ஜீப் கிளம்பியதும் கழற்றித் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டுவார். வாங்கி எட்டு வருடம், ஒரு கீறல் கிடையாது.

"ஊட்ல பீங்கான் கப்பு கீது பாரு சார், விருந்தாளி வந்தா மட்டும் எறக்குவாங்கோ. அந்த மாதிரி" என்கிறார். ஆயுத பூசையன்று கம்ப்ரஸருக்கும் குழாய்க்கும் மணல் தொட்டிக்கும் சந்தனப் பொட்டு வைக்கும்போது ஹெல்மெட்டுக்கும் ஒன்று வைப்பார்கள். ஒரு வேலையும் செய்யாமல் பூசை வாங்கிக்கொள்ளும் ஆயுதம் அது ஒன்றுதான்.

வயது நாற்பத்தாறு. வியாசர்பாடியில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு விம்கோ நகருக்கு வந்தவர். வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். கடற்கரைக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. "மணலா? டூட்டிலயே பாத்துகினு கீறேன். லீவு நாள்லயும் அது மூஞ்சில முயிக்கணுமா?" அவர் இருக்கும்போது மனைவி யசோதரா போர்வையை உதறக் கூடாது, முகத்துக்குப் பவுடர் போட வேண்டுமென்றால் வாசலுக்குப் போக வேண்டும். இரவில் அவர் படுப்பதில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து, ரயிலுக்குக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்தே தூங்குகிறார். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படுகிறது என்பது அவர் சொல்லும் காரணம். "ஃபேனா?" என்கிறார் யசோதரா. "ஃபேன வித்து ஆறு மாசமாவுது."

மூச்சு விடாமல் பேசுகிறவர் என்று ஒரு காலத்தில் பெயரெடுத்தவர். இப்போது அவருடைய வாக்கியங்களில் காற்புள்ளிகள் கூடிவிட்டன. நான்கு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி, ஏதோ சாமர்த்தியமாக யோசிப்பவர்போல் மேலே பார்க்கிறார். உற்றுக் கேட்டால் அந்த இடைவெளியில் மெல்லிய விசில் கேட்கும். கூட்டாளி இக்னேஷியஸுக்கு அது கேட்காது. அவருடைய காதைக் கம்ப்ரஸர் பாதி தின்றுவிட்டது. நாசில் பிடிப்பவனுக்கு நெஞ்சு, கம்ப்ரஸர்காரனுக்குக் காது என்று நண்பர்கள் தகராறில்லாமல் பாகம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வருடத்துக்கொரு முறை பட்டறைக்கு டாக்டர் வருவார். மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது பேரைப் பார்த்துவிடுவார். எல்லோருக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. பீம்ராவ் தன்னுடையவற்றைப் பிளாஸ்டிக் உறைக்குள், புத்தர் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார்.

"சட்டை மேலயே ஸ்டெத்த வெச்சி பாக்குறாரு சார். சட்டைக்கு ஒண்ணும் இல்லன்னு எய்திக் குட்துட்டு பூட்றாரு."

அதனால் அவர்கள் தங்களுக்கென்று வேறொரு டாக்டரை வைத்துக்கொண்டார்கள். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு மலை அது. அதற்கு நீளமான தெலுங்குப் பெயர் ஒன்று இருக்கிறது. இவர்கள் வாயில் அது மொட்டை. பாதி தூரம் முள்காடு, மீதி வெறும் பாறை. உச்சியில் கூரையில்லாத ஒரு சிவன். "அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. சண்டையும் இல்ல" என்கிறார் பஞ்சசீலம் சொல்லி வளர்ந்த பீம்ராவ். ஆயுத பூசைக்கு மறுநாள் பட்டறைக்கு விடுமுறை. 1995இல் ஐந்து நண்பர்கள் விளையாட்டாக ஏறினார்கள். மூச்சு வாங்கி முதலில் உட்காருகிறவன் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். அந்த வருடம் ஒருவரும் உட்காரவில்லை. உச்சிப் பாறையில் ஐந்து பேரின் முதலெழுத்தையும் வருடத்தையும் ரெட் ஆக்சைடில் எழுதிவிட்டு, பிரியாணிக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டார்கள்.

அதற்கடுத்த வருடங்களில் யார் எங்கே முதலில் உட்கார்ந்தாரோ அங்கேயே அவருடைய எழுத்தை எழுதுவது வழக்கமாயிற்று. ஆட்கள் மேலே ஏறிக்கொண்டிருக்க, எழுத்துகள் வருடா வருடம் கீழே இறங்கி வந்தன. மலையின் பாதியில், காடு முடிந்து கொஞ்சம் மேலே, ஆமை படுத்ததுபோல் ஒரு பாறை. 2000இல் ஐவரில் ஒருவரான அன்பரசன் அந்த ஆமைப்பாறைக்குக் கீழேயே உட்கார்ந்தார். அடுத்த ஆயுத பூசைக்கு அவர் இல்லை. அப்போதுதான் பீம்ராவ் ஒரு சட்டம் போட்டார்: ஆமைப்பாறைக்குக் கீழே உட்கார்ந்தவன் நாசிலை விட்டுவிட்டு, கூலி பாதியானாலும் பெயின்ட் பக்கம் போய்விட வேண்டும். 2002இல் ஞானதுரை உட்கார்ந்தார். சட்டப்படி மறுநாளே நாசிலை வைத்தார். காசநோய் மாத்திரை தின்றபடியே பொங்கலுக்குள் போய்ச் சேர்ந்தார். சட்டம் நல்ல சட்டம்தான். நெஞ்சுக்குள் போன மணலுக்கு அது தெரியவில்லை. அதன் பிறகு பிரியாணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இப்போது எஞ்சியிருப்பது மூன்று பேர். பீம்ராவ், இக்னேஷியஸ், கிருஷ்ணப்பன். மூன்றாமவர் ஒன்பது வருடமாகத் தொட்டியில் மணல் நிரப்புகிறார். பீம்ராவின் நாசிலுக்கு அடுத்த வாரிசு அவர்தான். நாசில் கைக்கு வந்தால் கூலி இரட்டிப்பு. மாத்தூரில் சுவர் எழும்பி நிற்கும் வீட்டுக்குக் கூரை போட்டுவிடலாம். ஆகவே கிருஷ்ணப்பன் மலையில் பீம்ராவுக்கு இரண்டடி பின்னால்தான் வருவார். வழுக்கினால் பிடிப்பதற்காக. உட்கார்ந்தால் பார்ப்பதற்காகவும். இரண்டும் உண்மை. பீம்ராவுக்கு இரண்டும் தெரியும்.

இந்த வருடம், 2003இல், இவர்கள் கதையைக் கேட்க வந்த நானும் போயிருந்தேன். பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி. அன்று காயும் முறை. பீம்ராவ் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் பையில் போட்டுக்கொண்டு, அதே துண்டைக் கழுத்தில் தொங்கவிட்டு, கான்வாஸ் ஷூவோடு வந்தார். முள்காட்டின் முதல் ஏற்றத்திலேயே விசில் தொடங்கிவிட்டது.

உட்காராமல் இளைப்பாற எத்தனை வழிகள் உண்டு என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். முதலில் ஷூ லேஸ். குனிந்து அவிழ்த்தார், கட்டினார், பிடிக்காமல் மறுபடி அவிழ்த்தார். முன்னால் போய்விட்ட இக்னேஷியஸ் திரும்பி, தன் காதுக்குக் கேட்கும் அளவில் கத்தினார்.

"மாமு! லேஸ் கட்றியா, தாலி கட்றியா? நல்ல நேரம் தாண்டிடப் போவுது!"

"நீ போடா டமாரம். வரேன்."

அடுத்து இயற்கைக் காட்சி. "சார், அதோ பாரு... நம்ம எண்ணூர் சிம்னி... பொக வுடுது." அவர் கை நீட்டியது மேற்கே. எண்ணூர் இருப்பது நேர்ப் பின்னால். இரண்டு நிமிடம் நாங்கள் மரியாதையாக மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தெரியலியேண்ணா" என்றார் கிருஷ்ணப்பன்.

"கண்ண நல்லா தொடச்சிக்கினு பாரு. மணல் அடச்சிகினு கீது."

காடு முடிந்து பாறை தொடங்கியது. கையும் காலும் ஊன்றித்தான் ஏற வேண்டும். ஆமைப்பாறை தலைக்கு மேலே தெரிந்தது. அதற்குக் கீழே, முழங்கால் உயரத்தில், 'ஞா 02'. ஒரு வருட மழையிலும் வெயிலிலும் சற்று வெளுத்திருந்தது. பீம்ராவ் அதன்முன் முழங்காலிட்டு டப்பாவைத் திறந்தார்.

"செலுவம்மா சொல்லி அனுப்ச்சிது. அவுரு எய்த்து... அயியாம பாத்துக்கோ நைனான்னு." சிலுவையம்மாள் ஞானதுரையின் மனைவி.

பிரஷ் மெதுவாக நகர்ந்தது. ஞாவின் முதல் சுழிக்கே மூன்று நிமிடம் ஆயிற்று. இக்னேஷியஸ் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னா மாமு, சுவரு வெளம்பரமா எய்துற? குந்திட்டியா?"

"குண்டி பாறைல படணும். பட்டாத்தான் கணக்கு. நல்லா பாரு, முட்டி போட்டுகினு கீறேன்."

"முட்டி போட்டா அது ஜெபம். ஜெபத்துக்குக் கணக்கு கெடையாது" என்று தீர்ப்புச் சொன்னார் இக்னேஷியஸ், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். சொல்லிவிட்டு மறுபடி மேலே ஏறினார்.

பீம்ராவ் திரும்பாமலே, "கிருஷ்ணா, கீழ சுனைல... பாட்டில ரொப்பிகினு வா" என்றார். கிருஷ்ணப்பன் ஒரு கணம் தயங்கிவிட்டு இறங்கினார். நான் கிழக்கே திரும்பி, உண்மையான சிம்னி தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். தண்ணீரோடு கிருஷ்ணப்பன் வந்தபோது பீம்ராவ் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் பாறையைப் பிடித்தபடி, நின்றுதான்.

ஆமைப்பாறையை அவர் நடந்தே கடந்தார். கடக்கும்போது, கட்டிப் போட்ட மாட்டைத் தாண்டுகிறவர்போல் அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு சாக்கு. பழைய எழுத்துகளுக்கெல்லாம் மராமத்து நடந்தது. இரண்டு மணி நேர மலை நான்கரை மணி நேரம் எடுத்தது. உச்சியில் இக்னேஷியஸின் 'இ' ஒன்பது வருடமாக ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. தன் பங்குக்குச் சின்ன டப்பாவில் கொண்டுவந்த பெயின்டில் இந்த வருடத்தது ஏற்கெனவே பளபளத்தது. பூசைப் பொரியைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.

"வந்துட்டான்யா! மாமு, உன் எய்த்த எய்து, பெயின்ட் காய்து."

"கீழ போயி... பாத்துக்கலாம்."

கிருஷ்ணப்பனுக்கு மூச்சு வாங்கவே இல்லை. அந்த அகலமான நெஞ்சு, வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் ஏறி இறங்கியது. பொரியை மென்றபடியே சொன்னார்: "ஏறிட்டண்ணா. அப்ப இன்னும் ஒரு வருசம் நாசிலு உன்னுதுதான்." சந்தோஷமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவர் கண் மாத்தூர்ப் பக்கம் போயிற்று. பீம்ராவ் அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பொரியைத் தொடவில்லை.

இறங்குவது ஏறுவதைவிட எளிது என்பார்கள். ஆமைப்பாறைக்குக் கீழே வந்ததும் பீம்ராவ் 'ஞா 02' பக்கத்தில், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள இடமில்லாதபடி, கால் நீட்டி உட்கார்ந்தார். இருமல் வந்தது. அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் பையிலிருந்து டப்பாவை எடுத்து, ஞாவுக்குக் கீழே 'பீ' போட்டார்.

கிருஷ்ணப்பன் பதறிப்போய் பிரஷ்ஷைப் பிடித்தார். "ஏறும்போது மட்டும்தாண்ணா கணக்கு. எறங்கறப்ப யாரு வேணா குந்தலாம். நீ போட்ட ரூலுதானே?"

"ஏறும்போதே குந்திட்டேன். நீ தண்ணிக்கு போய்ருந்த."

ஒன்பது வருடம் காத்திருந்த மனிதருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "நான் கேக்கவே இல்லியேண்ணா" என்றார். இக்னேஷியஸுக்கு எவ்வளவு கேட்டதோ, பீம்ராவின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

பீம்ராவ் '03' எழுதி முடித்து டப்பாவை மூடினார். கழுத்திலிருந்த துண்டை உருவினார். சுனைத் தண்ணீரில் மிச்சமிருந்ததை அதன்மேல் ஊற்றி, பாதி பிழிந்து, மூன்றாக மடித்தார். கொஞ்சநேரம் அதைப் பார்த்தார். பிரித்து, நான்காக மடித்தார். பிறகு, தூசி என்ற பேச்சுக்கே இடமில்லாத அந்தக் காற்றில், கிருஷ்ணப்பனைத் தன்முன் உட்காரவைத்து, மூக்கிலிருந்து கழுத்துவரை மறைத்துக் கட்டி, பிடரி முடிச்சுக்குள் இரண்டு விரல் விட்டு இழுத்துப் பார்த்தார்.