நாலு சில்லும் இழுக்கிற கார்

நகுலேஸ்வரி கார் ஓட்டப் பழகியது முப்பத்திரண்டாவது வயதில், சுவிற்சர்லாந்தில், முழங்கால் அளவு பனிக்குள். கல்யாணம் முடித்துப் போய்ச் சேர்ந்த இடம் கூர் என்ற சிறு நகரம். சுற்றிவர மலை. அந்த மலைக் கிராமங்களில் தனியாக இருக்கும் வயோதிபர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, உடுப்பு மாற்றிவிட்டு வரும் வேலை அவருக்குக் கிடைத்தது. வேலைக்கு எடுத்தவர்கள் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்கள். கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

கணவர் நவரத்தினம் அதற்கு முன்பு மூன்று தடவை ஓட்டுநர் பரீட்சையில் தவறி, இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். நகுலேஸ்வரி முதல் தடவையிலேயே தேறினார். வீட்டில் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

வேலைக்குத் தந்த கார் ஒரு சின்னச் சுபாரு. பார்வைக்கு ஒன்றுமில்லை. தீப்பெட்டிக்குச் சில்லுப் பூட்டியது போல இருக்கும். ஆனால் கியர்ப் பிடியில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அமத்தினால் முன் சில்லுகளோடு பின் சில்லுகளும் சேர்ந்து இழுக்கும். முதலாவது பனி மாரியில், ஒரு செங்குத்தான வளைவில் கார் ஏறாமல் நின்று வழுக்கத் தொடங்கியபோது, அவர் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே அந்தப் பொத்தானை அமத்தினார். கார் ஒருமுறை உடம்பைக் குலுக்கியது. பிறகு ஆட்டுக்கடா மாதிரி ஏறிப் போய்விட்டது. மேலே பாட்டியொருவர் தேநீர் போட்டு வைத்துக் காத்திருந்தார். அன்றைக்கு நகுலேஸ்வரி தேநீரை நின்றபடியே குடித்துக்கொண்டு, காரைப் பார்க்க இரண்டு தடவை யன்னலடிக்குப் போனார்.

பதினொரு வருடம் அப்படி ஓட்டினார். இரண்டாயிரத்து ஆறில், மகள் கோசிகா ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று குடும்பம் லண்டனுக்கு வந்து குட்மேய்ஸில் வீடெடுத்தது. நவரத்தினத்துக்கு ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் வேலை. நகுலேஸ்வரிக்குப் பழைய வேலையேதான், மலையில்லாமல்.

கார் வாங்கும் கதை வந்தபோது நவரத்தினத்திடம் ஒரு பெரிய ஆசை இருந்தது. லண்டனில் சொந்தக்காரர் எல்லோரிடமும் பளபளக்கும் ஜெர்மன் கார். கோயில் திருவிழாவுக்குப் போனால் வாசலில் நிற்பதெல்லாம் அதுதான். தனக்கு ஓட்டத் தெரியாவிட்டாலும் அதன் முன்னாசனத்தில் இருந்து இறங்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.

நகுலேஸ்வரி ஒரு ஞாயிற்றுக்கிழமை கோச்சி எடுத்து, ஸ்டேஷனில் இறங்கி, பிறகு பஸ் எடுத்து, எசெக்ஸ் பக்கம் ஒரு செம்மறிப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஏழு வயதான பச்சைச் சுபாரு ஒன்று விற்பனைக்கு நின்றது. ஃபொறெஸ்ரர் என்ற வகை. பண்ணைக்காரர் அதே வகையில் புதிது ஒன்றை வாங்கியிருந்தார். “அதே காரையே திரும்ப வாங்கினீர்களா?” என்று இவர் கேட்டதற்கு, “சேற்றில் நிற்கவிடாத ஒன்றை ஏன் மாற்ற வேண்டும்?” என்றார் அந்த மனிதர். உள்ளே நாய் மயிரும் வைக்கோலும். நகுலேஸ்வரி ஏறி இருந்தார். ஆசனம் உயரம். குனியவும் தேவையில்லை, எட்டி ஏறவும் தேவையில்லை. தான் பார்க்கும் கிழவிகளின் முழங்கால்களை நினைத்துக்கொண்டார். அன்றே வாங்கிவிட்டார்.

வாசலில் வந்து நின்ற காரை நவரத்தினம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“இஞ்சேரும், இது காரோ? பெட்டிக்குப் பச்சைப் பெயின்ற் அடிச்ச மாதிரிக் கிடக்கு.”

“உங்களுக்குப் பெட்டி. எனக்குக் கார். நாலு சில்லும் இழுக்கும்.”

“லண்டனில மலை எங்க கிடக்கு, நாலு சில்லும் இழுக்க?”

நகுலேஸ்வரி காரின் பின்கதவைத் திறந்தார். நாய் மயிரைத் தும்புத்தடியால் கூட்டத் தொடங்கினார்.

காரைப் பார்க்க நல்ல கராஜ் தேடியபோதுதான் கிறிஸ்துராஜா அகப்பட்டான். மன்னார்ப் பெடியன், இருபத்தெட்டு வயது, வால்தம்ஸ்டோவில் ரயில் பாதைக்குக் கீழே உள்ள வளைவொன்றில் கராஜ் வைத்திருந்தான். எல்லாக் காரும் செய்வான். ஆனால் சுபாரு வந்தால் மற்றதை எல்லாம் ஓரமாக நிறுத்திவிடுவான். முதல் தடவை போனபோது அவன் பொனெற்றைத் திறந்து, அவரைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“அக்கா, மற்றக் காருகளில எஞ்சின் நிமிர்ந்து நிக்கும். இதில படுத்துக் கிடக்கு பாருங்கோ. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பிஸ்ரன், குத்துச்சண்டைக்காரர் மாதிரி எதிரும் புதிருமாக் குத்தும். ஒருத்தன்ர அதிர்வை மற்றவன் அடக்குவான். பாரமும் நிலத்தோட பதிவாக் கிடக்கும். அதுதான் வளைவில சரியாது.”

“உமக்கு இதெல்லாம் எங்க படிப்பிச்சது, தம்பி?”

“சின்னனில ரீவியில கார் ரேஸ் பாப்பன். சேற்றுக்காட்டுக்குள்ள நீலக் கார், தங்க நிறச் சில்லு, பறந்து வரும். அப்பவே விழுந்திட்டன்.”

அவன் கதை சொல்லுவதில் கெட்டிக்காரன். எண்ணெய் வடியும் வரை நிற்க வேண்டியிருந்ததால் நகுலேஸ்வரியும் ஒரு கவிழ்த்த வாளியில் இருந்து கேட்டார். இந்தக் கொம்பனிக்காரர் ஆதியில் செய்தது கார் அல்ல, விமானமாம். யுத்தத்தில் ஜப்பான் தோற்றதும் விமானம் செய்யக் கூடாது என்று தடை வந்துவிட்டது. கொம்பனியைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள். கையில் மிஞ்சியது விமானத்தின் சின்னச் சில்லுகள். அவற்றைப் பூட்டி ஸ்கூட்டர் செய்து விற்றார்களாம். பிறகு பிரிந்தவற்றில் ஐந்து கொம்பனிகள் மீண்டும் சேர்ந்து ஒன்றாகின. ஐந்து வருடத்தில் வண்டு மாதிரி ஒரு சின்னக் கார். பிறகு, வடக்கே பனி கொட்டும் பகுதியில் மின்சாரக் கம்பி பார்க்கும் ஆட்கள், ஜீப் குளிருது, குலுக்குது, சாதாரணக் கார் மாதிரி இருந்துகொண்டு பனியிலும் ஏறக்கூடிய ஒன்று செய்து தாருங்கள் என்று கேட்டார்களாம்.

“அப்பிடித்தான் அக்கா நாலு சில்லும் இழுக்கிற கார் வந்தது. ரேஸ் ஓடவோ படம் காட்டவோ இல்லை. வேலைக்குப் போற ஆக்களுக்கு.”

வேலைக்குப் போகிற ஆள் என்ற முறையில் நகுலேஸ்வரிக்கு அது பிடித்துக்கொண்டது.

“இந்த முன்னுக்கு இருக்கிற நட்சத்திரம் என்ன?”

“பெரிசு ஒண்டு, சின்னது அஞ்சு. அஞ்சு கொம்பனி சேர்ந்து ஒண்டானதுக்கு அடையாளம். சுபாரு எண்டால் யப்பான் மொழியில வானத்தில இருக்கிற ஒரு நட்சத்திரக் கூட்டமாம். ஆறு தெரியுமாம்.”

“ஆறோ? கிட்டக் கிட்டக் கும்பலா? தம்பி, அது கார்த்திகையெல்லோ!”

“அது உங்கட பக்கம் அக்கா. எங்களுக்குச் சாதகம் பாக்கிற பழக்கமில்லை.”

நவரத்தினத்தின் பிறந்த நட்சத்திரம் கார்த்திகை. நகுலேஸ்வரி அன்று பின்னேரம் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொல்வது போல இதைச் சொன்னார். மறுநாள் சனிக்கிழமை. காலையில் நவரத்தினம் ஒரு ஈரத்துணியோடு போய்க் காரின் முன்பக்கத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு பெட்டி என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை.

ஆனால் மற்றவர்கள் விடவில்லை. முக்கியமாக நவரத்தினத்தின் ஒன்றுவிட்ட அண்ணர் சண்முகராசா. பிளேஸ்டோவில் வீடு, இரண்டு கடை, மூன்று கார். எங்கே கண்டாலும், “நகுலேஸ், இந்தத் தோட்டக்காரன்ர காரை எப்ப மாத்தப் போறீர்?” என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எட்டு வருடமாக அதையே சொன்னார்.

அவருடைய மகன் நிர்மலனின் கல்யாணம் ஒக்ரோபர் மாதம் வந்தது. றொம்ஃபோர்ட்டுக்கும் அப்பால், வயல்களுக்கு நடுவே பெரிய மண்டபம். முதல் நாள் முழுக்க மழை. மண்டபத்தின் கார்த் தரிப்பிடம் நிரம்பிவிட்டதால் பக்கத்துப் புல்வெளியைத் திறந்துவிட்டிருந்தார்கள். வாசலுக்குப் போகும் வழியும் அதனூடாகத்தான். நூறு கார் ஏறி இறங்கியதில் புல் போய்ச் சேறாகிவிட்டது.

மாப்பிள்ளை வந்த கார் நீளமான வெள்ளைக் கார், பூவெல்லாம் கட்டியது. பின் சில்லுகள் மட்டும் இழுக்கும் வகை. மண்டப வாசலுக்கு ஐம்பது மீற்றர் தூரத்தில் அது நின்றது. சாரதிப் பெடியன் அக்ஸிலரேற்றரை அமத்த அமத்தச் சில்லு சுற்றித் தோண்டிக்கொண்டு இறங்கியது. தள்ள வந்த இரண்டு பேரின் பட்டு வேட்டிகளில் இடுப்பு வரை சேறு. உள்ளே மாப்பிள்ளை தலைப்பாகையோடு நேராக இருந்தான். இறங்கி நடக்கவும் ஏலாது. மண்டபத்துக்குள்ளிருந்து ஐயர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

“முகூர்த்தத்துக்கு இன்னும் இருபது நிமிசம்தான் கிடக்கு!” சண்முகராசா சேற்றுக்குள் நின்று கையைப் பிசைந்தார். “ஆராவது ஏதாவது செய்யுங்கோவன்!”

நகுலேஸ்வரி அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். ஊதாக் காஞ்சிபுரம், தலையில் மல்லிகைப்பூ. காரின் பின்பக்கத்தைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வேலைக்குப் போடும் றப்பர்ச் சப்பாத்துகளை மாட்டினார். சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகினார். இழுவைக் கயிற்றை எடுத்துக்கொண்டு வெள்ளைக் காரடிக்குப் போனார்.

“தம்பி, கொளுக்கி எங்க பூட்டுறது?”

சாரதிக்குத் தெரியவில்லை. தன் காரில் கொளுக்கி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. நகுலேஸ்வரி அந்தக் காரின் பின்பக்கத்தில் உதிரிச் சில்லுக்குக் கீழே தேடி எடுத்து, முன் பம்பரில் இருந்த சின்ன மூடியைக் கழற்றி முறுக்கிப் பூட்டினார். பிறகு பச்சைக் காரை அதற்கு முன்னால் கொண்டுவந்து கயிற்றைக் கொளுவி, திரும்ப ஏறி, கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன நெம்புகோலை மேலே இழுத்தார். பண்ணை வேலைக்கென்று வைத்த தாழ்ந்த கியர் அது. லண்டன் வந்து அவர் அதைத் தொட்டது இரண்டு தடவையோ மூன்று தடவையோதான்.

“அண்ணை, எல்லாரையும் விலகச் சொல்லுங்கோ!”

கயிறு இறுகியது. பச்சைக் கார் ஒரு கணம் நின்ற இடத்திலேயே முனகியது. பிறகு மெல்ல, மிக மெல்ல, நடைபோகும் வேகத்தில் வெளிக்கிட்டது. பின்னால் வெள்ளைக் கார் பூக்களோடு அசைந்து அசைந்து வந்தது. நாதஸ்வரக்காரர் என்ன நினைத்தாரோ, வாசிக்கத் தொடங்கிவிட்டார். ஐம்பது மீற்றரும் மேளதாளத்தோடுதான் போனது. கோசிகா அதை முழுவதும் கைபேசியில் எடுத்து, “அம்மா, யூ ஆர் அ லெஜண்ட்!” என்று கத்தினாள்.

தாலி சரியான நேரத்தில் ஏறியது. அதைப் பார்க்க நகுலேஸ்வரி இருக்கவில்லை. பின்னால் இன்னும் ஏழு கார் நின்றது, அவற்றையும் இழுக்க வேண்டியிருந்தது. கடைசியாகக் கை கழுவிக்கொண்டு நின்றபோது சண்முகராசா வாழையிலை விரித்த தட்டில் சோறும் கறியும் போட்டுத் தானே கொண்டுவந்து கொடுத்தார். பழைய பகிடிக்கு மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று கொஞ்சநேரம் காரைப் பார்த்தார்.

“உது புதுசா வாங்கிறதெண்டால் எங்க வாங்கிறது?” என்றார்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஓகஸ்டில் லண்டன் முழுவதற்கும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. பழைய கார் ஓட்டிய ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம். பச்சைக் கார் அந்தப் பட்டியலில் விழுந்தது. நகுலேஸ்வரி கோபப்படவில்லை. ஆஸ்துமாவால் மூச்சிழுக்கும் இரண்டு பேரை அவர் கிழமைக்கு மூன்று நாள் பார்க்கிறவர். புகை கெட்டது என்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நன்றாக ஓடுகிற காரை நசுக்கி இரும்பாக்கக் கொடுப்பதற்கு மனம் வரவில்லை. கிறிஸ்துராஜா நீலத்தில் இன்னொரு ஃபொறெஸ்ரர் தேடிப் பிடித்துக் கொடுத்தான், விதிக்கு உட்பட்டது. பச்சைக் கார் ஏழு மாதம் வீட்டு முன்றலில் நின்றது. நவரத்தினம் சனிக்கிழமைகளில் இரண்டையும் துடைத்தார்.

அடுத்த மார்ச்சில் ஒரு செய்தி வந்தது. விதிக்கு உட்படாத கார்களை லண்டன்காரர் உக்ரைனுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாம், நாலு சில்லும் இழுக்கும் வாகனங்கள் அங்கே அவசரமாகத் தேவை. நகுலேஸ்வரி அதை வாசித்துக் காட்டினார்.

நவரத்தினம் தேநீரைக் கீழே வைத்தார். “சண்டைக்கோ குடுக்கப் போறீர்? நாங்கள் பட்டது காணாதோ?”

“சண்டை பிடிக்க இல்லை. காயப்பட்ட ஆக்களை ஏத்துறதுக்கும் சாமான் கொண்டுபோறதுக்கும்.” நகுலேஸ்வரி கைபேசியை மேசையில் வைத்தார். “ஷெல் பட்ட எங்கட தம்பியைச் சாவகச்சேரியில இருந்து ஆசுப்பத்திரிக்கு உழவு மெசின் பெட்டியில கிடத்திக் கொண்டுபோனது. றோட்டும் இல்லை, வயலுக்குள்ளால. ரெண்டரை மணித்தியாலம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கத்தினவன்.”

தம்பி பிழைத்தார். இப்போது ரொறொன்ரோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அந்த இரண்டரை மணித்தியாலத்தைப் பற்றி நகுலேஸ்வரி வீட்டில் பேசியது அதுதான் முதல் தடவை. நவரத்தினம் எழும்பிப் போய் ஈரத்துணியை எடுத்தார்.

“நல்லாத் துடைச்சுத்தான் குடுக்க வேணும்,” என்றார்.

கிறிஸ்துராஜா எண்ணெய், பிரேக், சில்லு எல்லாம் பார்த்துக் கொடுத்தான். ஏப்ரல் மாதத்து வெயில் நாளில், ஒரு பெரிய முற்றத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். அங்கே ஏற்கெனவே இருபது வாகனம் வரிசையில் நின்றது. லெஸ்யா என்ற உக்ரைன் பெண் பத்திரங்களை வாங்கினாள். முப்பது வயது இருக்கும், பேனையைக் காதில் செருகியிருந்தாள். காருக்குள் ஏறிப் பார்த்து, ஸ்டியரிங் எங்கள் நாட்டுக்கு மாறுபக்கம் என்று சிரித்தாள்.

“ஒரு கிழமைதான் கஷ்டம்,” என்றார் நகுலேஸ்வரி தன் ஆங்கிலத்தில். “நானும் மாறினவள்.”

பிறகு பக்கத்து ஆசனத்தில் ஏறி இருந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். குளிரில் இரண்டாவது கியர் முதல் ஐந்து நிமிடம் முரண்டு பிடிக்கும், பொறுமையாகப் போடச் சொல்லுங்கள். தாழ்ந்த கியர் நெம்புகோல் இது. பின்னாசனம் மடிந்தால் ஒரு ஆள் படுக்கலாம், நான் அளந்து பார்த்திருக்கிறேன். லெஸ்யா ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, முன்கண்ணாடிக்கு மேலே இருந்த வெயில் மறைப்பில் செருகிவைத்தாள்.

“ஓட்டப்போவது யார்?” என்று நகுலேஸ்வரி கேட்டார்.

“மருத்துவ அணிக்குப் போகும். யார் என்று தெரியாது. பெண்ணாகவும் இருக்கலாம்.”

அது அவருக்குப் போதுமாக இருந்தது.

திரும்பி வரும்போது கிறிஸ்துராஜா தன் வான் வண்டியில் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் இருவரும் சண்முகராசாவின் புதுச் சுபாருவைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். அவர் அதை வாங்கி வருடங்கள் ஆகியும் இன்னும் ஒரு சொட்டுச் சேற்றில் இறக்கவில்லை.

நகுலேஸ்வரிக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. கிழமைக்கு மூன்று நாள் வேலை. செவ்வாய்க்கிழமைகளில் றொம்ஃபோர்ட்டில் ஒரு ஆங்கிலேய மூதாட்டியைக் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிறார். டாக்சியில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அந்த அம்மாள், நீலக் காரின் கதவைத் திறந்ததும் தானாகவே இருந்து, காலை உள்ளே எடுத்து வைத்து, பட்டியையும் மாட்டிக்கொண்டு, “ம், போகலாம்,” என்கிறார். நகுலேஸ்வரி ஏறிக் காரை எடுக்கிறார்.