தண்ணி குரூப்

குடிக்கிற நல்லதண்ணி குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை வரும். எந்த நேரத்தில் என்பது வால்வு திறக்கிற வேலுமணிக்கு மட்டுமே தெரியும். திறந்ததும் தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். சூலூர் பக்கத்து அந்தத் தெருவில் கும்பிடுகிற சாமியை மறந்தாலும் மறப்பார்கள், அந்தக் குரூப்பை மறக்கமாட்டார்கள். அதிலிருந்துதான் கயல்விழியை நீக்கினார்கள்.

அவள் செய்த குற்றம், மே தினக் கிராம சபையில் வாயைத் திறந்தது. வீட்டில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் மைக்கைப் பிடித்து, "சாயப்பட்டறைக் கழிவ ஓடையில உடறாங்க. போர்த் தண்ணி செவப்பா வருது. கேக்க ஆளில்லீங்களா?" என்றாள். யாரோ படம்பிடித்துப் போட, வீடியோ ஊரெல்லாம் பரவியது. அதிகாரிகள் வந்து பட்டறையைப் பூட்டினார்கள். தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. பக்கத்து வீட்டு அம்புஜத்தின் புருஷனும் வீட்டில் உட்கார்ந்தான். அவர்கள் கோபத்தைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் வீடியோவுக்குக் கீழே அவளைப் பற்றி எழுதியதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

தைக்கக் கொடுத்த துணிகளைத் திரும்ப வாங்கிப் போனார்கள். அதைத் தாங்கிக்கொண்டாள். நல்லதண்ணி இரண்டு முறை அவளுக்குத் தெரியாமலே வந்து போனதுதான் அவளை உடைத்தது. "கயலு, தண்ணி வந்திருச்சு" என்று சுவரைத் தட்டுகிற அம்புஜம், இப்போது குடம் உரசுகிற சத்தம்கூடக் கேட்காமல் பிடித்தாள். கேன் தண்ணிக்காரரும் நிற்காமல் போனார். மகள் சண்முகப்ரியா வெறும் பாட்டிலோடு பள்ளிக்கூடம் போனாள்.

அன்றே கயல்விழி வேலுமணியிடம் போய் நின்றாள்.

"நானா நீக்கல அம்மணி. பேசுனது தப்புன்னு ஒரு வீடியோ போட்டுட்டா சேத்திக்கலாம்னு எல்லாருஞ் சொல்றாங்க" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

அவர் போனிலேயே பேசிக் குரூப்பில் போட்டாள். "நான் பேசுனது தப்புங்க. மன்னிச்சுக்கங்க." கீழே நாற்பது கட்டைவிரல் லைக்குகள் வந்து விழுந்தன. அவளை மறுபடி குரூப்பில் சேர்த்தார்கள். மறுவாரம் குடங்கள் நிறைந்தன, தைக்கத் துணிகளும் திரும்ப வந்தன.

பட்டறையும் திறந்தது. ஒரு மாதம் கழித்துக் குரூப்பில் ஒரு படம்: வாளியில் செக்கச்செவேலென்று போர்த் தண்ணி. போட்டது அம்புஜம். "கொழந்தைக்குத் தண்ணி வாத்தா ஒடம்பெல்லாம் தடிக்குதுங்க. யாராச்சுங் கேளுங்க." எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை.

சாயங்காலம், வெகுநாளைக்குப் பிறகு, சுவர் தட்டும் சத்தம் கேட்டது. "கயலு, நீ கேளு கண்ணு. உனக்குத்தான் பேசத் தெரியும்."

கயல்விழி மெஷினை நிறுத்தினாள்.

"நாளைக்கு நல்லதண்ணி வர்ற நாளுங்கக்கா" என்றாள். மறுபடி தைக்கத் தொடங்கினாள்.