உம்மாவின் முதல் அழைப்பு

உயிரைத் தந்தவனே அதை எடுத்துக்கொண்டான். அதிலே எங்களுக்கு முறைப்பாடு இல்லை. வாப்பா மவுத்தாகி ஒரு வருடமாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் சொந்தக்காரர்கள், அயலவர்கள், வாப்பாவின் வானொலி நண்பர்கள் எல்லோருக்கும் அவருடைய மூத்த மகளின் ஸலாம். வாப்பா ஒரு குறையும் இல்லாத மனிதர் என்று எழுதும்படி தம்பி சொன்னான். அப்படி எழுதினால் அவரோடு பழகியவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கல்முனைக்குடியில் கடல்தொழில் செய்த குடும்பமொன்றில் வாப்பா பிறந்தார். கஷ்டத்தோடு படித்து, தபால் கந்தோரில் தந்தி அனுப்பும் வேலைக்குச் சேர்ந்தார். புள்ளியும் கோடுமாகத் தட்டி எழுத்தை அனுப்பும் மோர்ஸ் முறை அவருக்கு மூச்சு விடுவது போல. வீட்டிலும் விரல் சும்மா இருக்காது, மேசையில் தட்டியே தேநீர் கேட்பார். “வாய் என்னத்துக்கு இரிக்கி? வாயால கேளுங்க, தாறன்” என்பார் உம்மா.

சொந்தப் பெட்டியில் ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு கதைக்கும் அமெச்சூர் வானொலியில் அவருக்கு இளவயதிலிருந்தே ஆசை. யுத்த காலத்தில் எங்கள் பக்கம் அப்படியொரு பெட்டியை நினைத்தும் பார்க்க முடியாது. சண்டை ஓய்ந்த பிறகுதான் கொழும்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்தார். கூரைக்கு மேலே கம்பம் நட்டபோது, கருவாடு காயப்போடவா என்று எங்கள் ஒழுங்கைச் சனமே கேட்டது. எங்களுக்குத் தெரிந்தவரை இந்தக் கரையில் அனுமதி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கொஞ்சமா? நிறையவே இருந்தது.

புதியவர்களை ஈர்ப்பதற்காக ஆரம்ப அனுமதிக்கு மோர்ஸ் தேவையில்லை என்ற பேச்சு வந்தபோது வாப்பா கொதித்துப் போனார். “தட்டத் தெரியாதவனுக்கு என்னத்துக்கு லைசன்? நாளைக்கு ஊசி போடத் தெரியாதவனையும் டொக்டராக்குவானுகள்” என்று கத்தினார். அந்த மாற்றம் வேண்டாமென்று கடிதமும் எழுதினார்.

அவருடைய மனத்தைத் திருப்பியது ஒரு மாரிகால வெள்ளம். மின்சாரம் இல்லை, கைத்தொலைபேசியும் வேலை செய்யவில்லை. வடக்கேயிருந்து நிவாரண லொறிகள் புறப்பட இருந்தன. வழியில் மதகு உடைந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு மச்சான் அதைச் சொல்ல ஓடி வந்தபோது வாப்பா கடும் காய்ச்சலில் இருந்தார். தொண்டை முழுதாக அடைத்துவிட்டது. அவர் பதறவில்லை. பற்றரியில் பெட்டியை இயக்கி, மோர்ஸில் தட்டத் தொடங்கினார். திருகோணமலைப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவர் மோர்ஸ் தேவையில்லாத அந்தப் புதிய அனுமதியை எடுத்த ஓர் இளைஞர்.

“ஐயா, எனக்கு மோர்ஸ் தெரியாது. வாயால சொல்லுங்க ஐயா” என்றார் அவர்.

வாப்பா மறுபடியும் தட்டினார். அதே பதில் வந்தது. அவருடைய முகம் சுருங்கிப் போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு ஒலிவாங்கியை உம்மாவின் முன்னால் தள்ளி, அனுமதி உள்ளவர் கூடவே இருக்க வேண்டும் என்பதால் கதைக்கும்போது அழுத்த வேண்டிய பொத்தானைத் தானே பிடித்துக்கொண்டார்.

“தம்பி, மதகு உடைஞ்சி கிடக்கு. லொறிய கடற்கரை றோட்டால விடாதீங்க, மேல்பக்கத்தால வரச் சொல்லுங்க” என்றார் உம்மா. “விளங்கிச்சா? விளங்கினதத் திருப்பிச் சொல்லுங்க பாப்பம்.”

எங்களைக் கடைக்கு அனுப்பும்போது கேட்பது போலவேதான் கேட்டார். இளைஞர் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

குரல் திரும்பியதும் வாப்பா உம்மாவிடம் சொன்னார்: “என்ட தட்டல் விளங்கல்ல, உன்ட கதைதான் விளங்கிச்சு. நான் படுத்தா இந்தக் கரையில கதைக்க ஒருத்தரும் இல்ல. நீ லைசன் எடுக்கணும். நீ முதல் கூப்பிடுற நாளில பதில் சொல்றது நான்தான்.”

“இந்த வயசில எனக்கு லைசனா? நல்ல கூத்து!” என்றார் உம்மா. ஆனாலும் படித்தார்.

அதன் பிறகு வாப்பா எழுதிய கடிதங்கள் வேறு மாதிரியானவை. பாடத்தைத் தமிழில் தாருங்கள், சோதனையை ஒரு முறையாவது கிழக்கில் வையுங்கள் என்று எழுதினார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரையும் தையல் வேலை செய்யும் என் மாமியையும் கூட்டி வந்து, ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் விளக்கினார். அவர்கள் ஆசையாகத்தான் வந்தார்கள். கொழும்புப் பயணம் என்றதும், “வேலைய ஆரு பாக்கிற?” என்று நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

உம்மா சோதனைக்குத் தயாரானபோது வாப்பா நோயில் விழுந்து வைத்தியசாலையில் சேர்ந்தார். கட்டிலில் கிடந்தபடியே, “அலைநீளம் எப்பிடிக் காணுற, சொல்லு” என்பார். “முதல்ல இந்தக் கஞ்சியக் குடிங்க, மறுகா சொல்றன்” என்பார் உம்மா. நோயாளியை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போக உம்மாவுக்கு மனம் வரவில்லை. அந்தச் சோதனை தவறியது. அடுத்த சோதனை வந்தபோது வாப்பா இல்லை; கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவில் உம்மா இருந்தார்.

வாப்பாவைப் பராமரித்த தாதிமாருக்கும், இரத்தம் தந்த பாண்டிருப்பு நண்பருக்கும், ஜனாஸாவை மையவாடி வரை சுமந்தவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டு வந்த அயல்வீட்டாருக்கும் நாங்கள் என்றும் நன்றியுடையோம். வாப்பாவின் கப்ருக்காக எல்லோரும் துஆச் செய்யுங்கள்.

இத்தா முடிந்து வந்த சோதனைக்கு உம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். சித்தியடைந்து அனுமதிப்பத்திரமும் எடுத்தார். போன மாதம், அதோடு கிடைத்த தன்னுடைய அழைப்புக்குறியைச் சொல்லி முதன்முதலாக அழைத்தார். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மாத்தறைப் பக்கத்து நல்ல மனிதர் ஒருவர் பதில் சொன்னார். உம்மா அவரோடு ஒழுங்காகக் கதைத்து, நன்றி சொல்லி, பெட்டியை நிறுத்திய பிறகுதான் அழுதார்.

இந்தக் கரையில் அனுமதி உள்ளவர் இன்றும் ஒருவர்தான். சோதனை ஒரு நாள் கல்முனைக்கு வந்திருந்தால் உம்மா காலையில் போய் எழுதிவிட்டு, பகல் கஞ்சிக்கு வைத்தியசாலைக்குத் திரும்பியிருப்பார். அந்த முதல் பதிலை வாப்பாவே சொல்லியிருப்பார்.