கீரையும் தராசும்

இரண்டு கப் முருங்கைக்கீரை என்றால் நாற்பது கிராமாம். மகளின் போனில் சமையல் குறிப்பு சொல்கிறது. அமுக்கிய கப்பா, சும்மா அள்ளிப்போட்ட கப்பா என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

உத்தமபாளையத்தில் மளிகைக்கடை வைத்திருந்த, என்னைப் பெற்ற அத்தாவும் இந்த ரகம்தான். தண்ணீர் தெளித்த கீரைக்கட்டைக் காம்போடு தராசில் வைத்து, “அரைக்கிலோ இருக்கு, வீட்டுக்கே தாராளம்” என்பார்.

“காம்பையும் தண்ணியையும் சேத்தா திங்கப் போறீக?” என்றாள் அம்மா ஒருநாள்.

“கடைக்காரனுக்கே எடை சொல்லித் தாரியா?” என்று இளித்தார்.

உருவி, அலசி, வதக்கினால் சட்டியில் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். பாதியை அவரே வழித்துக்கொள்வார். மீதி பிள்ளைகள் மூவருக்கும். அம்மா காலிச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைவாள்.

‘நான்கு பேருக்குப் போதுமானது’ என்று போனில் கடைசி வரி. எங்கள் வீட்டிலும் நாலு பேருக்குப் போதுமாகத்தான் இருந்தது. அம்மா ஐந்தாவது ஆள்.